முன்னேற்ற அறிக்கை

தயாளினி அக்கா,
பேர்ணிலிருந்து நீங்கள் அனுப்பிய காசு
செவ்வாய்க்கிழமை மாங்குளம் வங்கிக்கு வந்து சேர்ந்தது.
கூடவே ஒரு கேள்வியும்:
இரண்டு வருசமாகுது, முன்னேற்றம் என்ன?

பாரத்தில் அதற்கென்று ஒரு பெட்டி இருக்கிறது.
மூன்று நாளாய்
பேனையைத் திறக்கிறேன், மூடுகிறேன்.

படம் பார்த்து நீங்கள் பொறுப்பெடுத்த நாய்
நாங்கள் கட்டையன் என்று கூப்பிடுகிறவன்.
ஏ-ஒன்பதில் லொறி ஏறிய இடுப்பு.
அவன் நடக்கவில்லை.
நடக்க மாட்டான்.
காலை ஐந்து, பகல் ஒன்று, இரவு ஒன்பது
அடிவயிற்றில் இரண்டு விரல் வைத்து
மூத்திரத்தை நான் அமத்தி எடுக்கிறேன்.
முதல் மாதம் கடித்தான்.
இப்போது விரல் படுமுன்னே
முகத்தைத் திருப்பி வேலியைப் பார்க்கிறான்
கிளினிக்கில் சட்டை கழற்றும் ஆள்போல.

இன்னும் எட்டு வருசம் இருப்பான் என்றார் மிருகவைத்தியர்.
நல்ல செய்தி சொல்வதுபோலவும் இருந்தது
கடன்கணக்குச் சொல்வதுபோலவும் இருந்தது.

செயற்கைக்கால் பட்டறையில் வேலைசெய்யும் யூஜின்
ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார்.
பிளாஸ்ரிக் குழாய், பிள்ளை வண்டிலின் சில்லு இரண்டு.
'மனிசரெண்டா அளவெடுக்கேக்க
எங்க நோகுதெண்டு கேட்கலாம்' என்றார்.
மூன்று தரம் வெட்டினார், மூன்று தரம் ஒட்டினார்.
மாரியில் சில்லு சேற்றில் புதையும்.
அப்போது கட்டையனுக்கு
வைக்கோல் அடைத்த உரப்பைதான் ஊர்.

சங்கக்கடை என்றொரு பூனை,
கிடைத்த இடமே பெயர்.
இரண்டு கண்ணும் இல்லை.
அவளுக்காக இங்கே நாங்கள்
எதையும் அசைப்பதில்லை.
வாளி வாளியின் இடத்தில்,
உடைந்த கதிரை உடைந்த இடத்தில்.
புதுக் கதிரை தரவந்த ஒருவரைத் திருப்பி அனுப்பினேன்.
ஒன்றும் மாறாமல் பார்த்துக்கொள்வதை
எந்தப் பெட்டியில் எழுதுவது?

பவுணுக்கு வலிப்பு.
குளிசை வவுனியாவில் ஒரேயொரு கடையில்.
துண்டை வாங்கிப் பார்த்தவர் கேட்டார்:
'பேர் பவுணோ? வயசு ஆறோ? உங்கட பிள்ளையோ?'
ஓம் என்று நான் சொல்லவில்லை.
இல்லையென்றும் சொல்லவில்லை.
குளிசை வராத அந்த மாதம்
நான்கு இரவு
அவள் தலை சீமெந்தில் அடிபடாமல்
என் இரண்டு உள்ளங்கையும் கீழே கிடந்தன.

அக்கா, இங்கே இன்னொரு கேள்வியும் உண்டு.
பின்வளவுச் சிவயோகேஸ்வரி
வேலிக்கு மேலால் ஒருநாள் கேட்டாள்:
'மனிசருக்கே பம்பர்ஸ் இல்லை. நாய்க்கோ?'
அவள் புருசன் நாரியில் செல்துண்டோடு
படுக்கையில் கிடக்கிறது ஊருக்கே தெரியும்.
நான் வாய் திறக்கவில்லை.
இன்றுவரைக்கும் என்னிடம் அதற்குப் பதிலில்லை.
அந்த மாதப் பெட்டியில் பாதியை
அவள் வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.
திருப்பி எறிவாள் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த புதன் கேற்றடியில் நின்றாள்.
கட்டையனைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.
'இப்பிடிக் கிடத்தினா இடுப்பெலும்பில புண் வரும்' என்றாள்.
குந்தினாள்,
ஒரு கையைத் தோளுக்கும் ஒரு கையைத் தொடைக்கும் கொடுத்து
ஒரே மூச்சில் மறுபக்கம் பிரட்டினாள்.
எத்தனை ஆயிரம் தரம் செய்த கை அது.
'ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா' என்றாள்,
'ராவிலயும்.'
போய்விட்டாள்.
அதன்பிறகு புதன்களில் வருகிறாள்.
நாயின் பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிடமாட்டாள்.

பெட்டியை நிரப்பிவிட்டேன், அக்கா.
ஒரே வரிதான்:
இன்றைக்கும் புண் இல்லை.

பம்பர்ஸ் விலை மீண்டும் ஏறிவிட்டது.
அடுத்த மாதம் கொஞ்சம் கூட்டி அனுப்ப முடியுமா?
முடியாவிட்டால் அதே தொகை.
ஆனால் நிறுத்தாதீர்கள்.
மணி ஒன்றாகிறது,
கட்டையன் வேலியைப் பார்க்கத் தொடங்கிவிட்டான்.