ஏழேழாய்

லோசானில் சமதரை என்று ஒன்று இல்லை.
மருத்துவமனை ஏறி வருவதற்குள்
மூன்று முறை சுவரைப் பிடித்தேன்.

ஒர்னெல்லா கறுப்புக் கண்ணாடியை இறுக்குகிறாள்.
வலது காதில் முப்பது டிகிரி தண்ணீர்.
உறங்கிவிடக் கூடாதாம். நூறிலிருந்து
ஏழேழாய்க் கழிக்க வேண்டுமாம்,
எந்த மொழியானாலும் சரி.

தொண்ணூற்று மூன்று. எண்பத்தாறு.
கட்டில் சுழல்கிறது, கீழே ஏரியையும் இழுத்துக்கொண்டு.
எழுபத்தெட்டு. தப்பு.
அவளுக்குத் தமிழ் தெரியாது;
திரையில் என் கண்கள் துடிப்பதைத்தான் எண்ணுகிறாள்.
“நல்லது, நல்லது” என்கிறாள்,
நான் வாந்தியை விழுங்குகையில்.

ஐந்து நிமிடம் கழித்து இடது காது.
அதே தண்ணீர், அதே நூறு.
தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது...
ஒரு பிசகில்லாமல் இரண்டுவரை இறங்கிவிட்டேன்.
கட்டில் கட்டிலாகவே கிடக்கிறது.
“நல்லது” வரவில்லை.

எங்கோ
ஐஸ் கட்டிகளை உடைக்கும் சத்தம்.