வண்டி வெளியே நிற்கும் வியாழன்

மே பிறந்தால்
தீயணைப்பு வண்டியை வெளியே எடுத்து நிறுத்துவேன்.
வியாழன், மாலை ஆறு மணி.
வண்டி நின்ற இடத்தில்
எண்ணெய்க் கறைமேல் தார்ப்பாய் விரித்து
தையல் சட்டத்தைப் போடுவோம்.
குளிர்காலம் முழுக்க தேவாலயத்தின் கீழறைதான்.
அங்கே சட்டத்தை அகலமாய் விரித்தால்
பிளான்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு தைக்கவேண்டும்.
அவளோ சுவரோரம் அடங்குகிற ஆள் இல்லை.

எனக்குத் தைக்க வராது.
நிலையத்தின் சாவி என்னிடம், அதனால் சேர்த்துக்கொண்டார்கள்.
கண் நன்றாக இருப்பதால் ஊசி கோர்க்கிற வேலை.
முப்பது ஊசி, முழங்கை நீளம் நூல்,
தக்காளி வடிவப் பஞ்சில் வரிசையாய்க் குத்திவைப்பேன்.
கொஞ்சம் கூடினாலும் வெர்னா விடமாட்டாள்:
"நீள நூல் சோம்பேறிக்கு."

இந்த வருடம் இரட்டைக்கட்டில் ஒட்டுப்போர்வை.
எஃபியின் மகன் வேய்னுக்கும் ட்ரினாவுக்கும்
ஆகஸ்டில் கல்யாணம்.
நீலமும் சாம்பலுமாய் முந்நூற்றுச் சொச்சம் துண்டுகள்:
பள்ளிச் சீருடை, திரைச்சீலை,
கார்லண்டின் பழைய சட்டை
(ஆண்களில் அவர் ஒருவர்தான் வருகிறார்.
வலை கட்டிய கை, முடிச்சு மட்டும் பெரிது).
ஓரத்தில் எஃபியே சிவப்பில் போட்ட இரண்டு எழுத்து:
ஒரு டி, ஒரு டபிள்யூ.

பதினோராவது வாரம்
ஆல்பர்ட்டாவிலிருந்து வேய்ன்
கைபேசியில் மூன்று வரி அனுப்பினான்.
ஊரில் மொத்தம் நூற்று நாற்பது பேர்.
மதியத்துக்குள் நூற்று முப்பத்தொன்பது பேருக்குத் தெரியும்.
மீதி ஒன்று போன வாரம் பிறந்த குழந்தை.

அன்று மாலை யாரும் ஊசியைத் தொடவில்லை.
எஃபி வந்தாள், உட்கார்ந்தாள், கண்ணாடியைத் துடைத்தாள்,
துடைத்துக்கொண்டே இருந்தாள்.
திறந்த கதவு நிறைய ஒரு பனிப்பாறை
நகர்வது தெரியாமல் விரிகுடாவைக் கடந்தது.
"ஏலம் விடலாம்" என்றாள் ஒருத்தி,
"வண்டிக்குப் புதுக் குழாய் வாங்கலாம்."
குழாய் தேவைதான்.
நான் வாயைத் திறக்கவில்லை.

அப்போது ட்ரினா உள்ளே வந்தாள்,
நண்டு ஆலையின் ரப்பர் காலணியோடு.
எஃபிக்கு நேர் எதிரே
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

பிளான்ச்சுக்கு மௌனம் ஒத்துக்கொள்ளாது.
"போர்வையைத் தலைகீழாய்த் திருப்பினால்
டபிள்யூ எம் ஆகிவிடும், பெண்ணே.
மெர்வின் எவனாவது அகப்படாமலா போவான்?"
யாரோ மூச்சை இழுத்தார்கள்.
"டி தலைகீழாய் நிற்குமே" என்றாள் ட்ரினா.
கொஞ்சம் பொறுத்து,
"இப்போதும் அப்படித்தான் நிற்கிறேன்."
முதலில் சிரித்தது எஃபி.
அது சிரிப்புத்தானா என்று
எங்களுக்கு இன்னும் உறுதியில்லை.

பிறகு தன் டப்பாவைத் திறந்து
தையல் பிரிக்கும் முள்ளை எடுத்து
சட்டத்தின் குறுக்கே நீட்டினாள்.
அவள் துணியை இழுத்துப் பிடிக்க
இவள் பிரித்தாள், ஒவ்வொன்றாய்.
"இவ்வளவு நெருக்கமாகவா போடுவீர்கள்?"
"பிரியக்கூடாதென்றுதான்."

நான்கு கோடும் போக ஒன்பதே கால் ஆயிற்று.
நூல் போன இடத்தில் துளைகள்;
இன்னும் வாசிக்க முடிந்தது.
"துவைத்தால் மூடிக்கொள்ளும்" என்றாள் வெர்னா.
"சில துணி மூடாது" என்றார் கார்லண்ட்.
வெர்னா முறைத்ததில் அவர் தேநீரைப் பார்த்துக்கொண்டார்.

ட்ரினா என்னிடம் கை நீட்டினாள்.
அவசரத்தில் நான் கோர்த்துக் கொடுத்த நூல்
ஒரு கை நீளம் இருக்கும், தோள் வரை.
வெர்னா பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை.

எல்லோரும் போனபின்
சட்டத்தைச் சுருட்டிச் சுவரில் சாய்த்து
வண்டியைப் பின்னோக்கி உள்ளே விட்டேன்.
சிவப்பு நூல் துணுக்கு ஒன்று
டயரில் ஒட்டிக்கொண்டு வந்தது.
விளக்கை அணைக்கப் போனபோதுதான்
பலகையைப் பார்த்தேன், எஃபியின் கையெழுத்து:
அடுத்த வாரம் பிஸ்கட், ட்ரினா.