மாதத்தில் ஒரு வியாழன்

போனில் நாலு தட்டு, முடிந்துவிடும்.
செயலியை இறக்கியும் தந்துவிட்டான்
கடையில் என்னோடு கணக்கெழுதும் நிறோஜன்.
"அக்கா, நீங்கள் எந்த உலகத்தில இருக்கிறியள்?"

இந்த உலகத்தில்தான்.
கொக்குவில் ஒழுங்கையில்,
பின்சில்லுக்குக் காற்றுக் குறைந்த சைக்கிளில்,
கரண்ட் பில்லை நாலாய் மடித்துக்கொண்டு.

ரயில் கடவை மூடியிருக்கிறது.
மீன்பெட்டி கட்டிய மோட்டார்சைக்கிள்காரர்
சூடை விலை சொல்கிறார்,
நான் கேட்கவேயில்லை.

வரிசையில் எனக்கு முன்னால் பதினொரு பேர்.
மின்விசிறி ஒன்று,
அதுவும் ஆளில்லாத மூலையைப் பார்த்தபடி.
செபமாலை அண்ணையின் கையில்
தன் பில்லோடு பூட்டிய மூன்று வீடுகளின் பில்.
ஒரு வீட்டுக்காரர் நோர்வேயில், ஒருவர் மார்க்கத்தில்,
மற்றவர் எங்கே என்று
இப்போது அவருக்கும் தெரியாது.
"வாசலில ஒரு பல்ப் எரியட்டும் பிள்ளை" என்கிறார்.
காசு யார் தருகிறார்கள் என்று
நான் இன்னும் கேட்கவில்லை.
அடுத்த வியாழன்களும் இருக்கின்றனவே.

பழங்காலத்தில் எனக்கு ஆசையில்லை.
ஜாம் போத்தலில் பஞ்சுத்திரி போட்டு
அரை இஞ்சி மண்ணெண்ணெயில்
ஓஎல் படித்தவள் நான்.
மூக்குக்குள் கரி படிந்த அந்தக் காலைகளை
யாரும் என்னிடம் அழகு என்று சொல்லவேண்டாம்.
அன்றைய கஷ்டத்தை
எங்களைக் கேளாமல் யாரோ தெரிவுசெய்தார்கள்.
இந்த வரிசையில்
நானாக வந்து நிற்கிறேன்,
வேண்டாமென்றால் திரும்பிப் போகலாம்.

போன மாதம் அப்படித்தான், அடைமழை.
செயலியில் கட்டினேன்.
ஒரு நிமிசம்கூட ஆகவில்லை.
மிச்சம்பிடித்த ஒன்றரை மணித்தியாலத்தை
எங்கே வைத்தேன் என்று
இன்றுவரை தேடுகிறேன்.

கவுண்டரில் இருக்கும் பிள்ளை
பில்லைப் பார்க்க முதல் என்னைப் பார்த்தாள்.
"போன மாசம் காணேல்லை. சுகமில்லையோ?"
முத்திரையில் மை சரியாகப் படவில்லை.
ஊதிவிட்டு
இன்னொருக்கால் குத்தினாள்.

வெளியே வந்தால்
பின்சில்லு முழுதாய் இறங்கிக் கிடக்கிறது.
உச்சி வெயில்.
ஒட்டுக்கடை பூட்டு.
காங்கேசன்துறை வீதி நீளத்துக்கும்
உருட்டிக்கொண்டு நடக்கிறேன்,
வாயில் வரக்கூடாத சொல்லொன்று
இரண்டுதரம் வந்துவிட்டது.

நிறோஜனிடம்
இந்தக் கடைசிப் பகுதியை மட்டும்
சொல்லப்போவதில்லை.