நூற்றைம்பது நாற்காலி

மண்முனைப் பாலம் தாண்டி
கொக்கட்டிச்சோலை மண்டபத்துக்கு
நூற்றைம்பது நாற்காலி ஏற்றிப்போனேன்.
வாசல் பதாகையில் உங்கள் பெயர்:
அருந்தவமலர், சிந்தனைச் சுடர்.
அடையாள அட்டைக்கு எடுத்த பழைய படம்.
லேன்ட்மாஸ்டரை நிறுத்திவிட்டு
கொஞ்ச நேரம் இறங்காமலே இருந்தேன்.

இதே பாதையில் ஆறு வருசத்துக்கு முன்
கறுப்பு மோட்டார் சைக்கிளில் வந்தவன் நான்.
என் பெயர் ஒருவருக்கும் தெரியாது.
செவ்வாய்க்கிழமையான் என்பார்கள்.
என் ஹெல்மெட்டைக் கண்டால்
கிணற்றடிப் பேச்சு நின்றுவிடும்.
ஐந்து பெண்களுக்கு ஒரு குழு;
ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும்
என்னோடு வந்து அவள் படலையில் நிற்கவேண்டும்.
காசு வரும்வரை எழும்பாதே,
கம்பனி எனக்குச் சொல்லித்தந்தது அவ்வளவுதான்.
ஒரு வீட்டில் இருட்டும்வரை இருந்தேன்.
பிள்ளையின் தோட்டை அடகுவைத்துவிட்டு
ஓடிவந்தாள்.
பற்றுச்சீட்டு எழுதினேன்.
என் கையெழுத்து அழகானது.

நீங்கள் பால் நிலையத்தில் லீற்றர் எழுதுபவர்.
உங்கள் குரல் உயர்ந்து ஆரும் கேட்டதில்லை.
அன்றைக்குக் கடன் அட்டையைப்
புரட்டிப் புரட்டிப் பார்த்து
பேனை மூடியைக் கடித்தபடி கேட்டீர்கள்:

"தம்பி, அம்பதாயிரம் எடுத்தன்.
இருவத்தாறு கிழமை கட்டிப்போட்டன்.
பாதி முதல் உங்கட கைக்கு வந்திட்டு.
வந்த காசிக்கும் நான் ஏன் இன்னும் வட்டி கட்டுற?
ஊத்தின பாலத் திரும்பவும் கறக்கச் சொல்றயளா?"

நான் சிரித்தேன்.
அலுவலகத்தில் போய்ச் சொன்னேன், அவர்களும் சிரித்தார்கள்.

அடுத்த செவ்வாய் அரசடித்தீவில் அதே கேள்வி.
அதற்கடுத்தது அம்பிளாந்துறை, முனைக்காடு.
பால்கானில் ஏறிப் போனதோ
கலியாண வீட்டுக்குப் போனவர்கள் கொண்டுபோனார்களோ,
வெல்லாவெளியில்
நீங்கள் ஆரென்றே அறியாத ஒருத்தி
வெயிலில் நின்று
உங்கள் சொல்லாலேயே என்னைக் கேட்டாள்,
ஊத்தின பாலத் திரும்பவும் கறக்கவா என்று.
அவளிடம் மாடே இல்லை.

கட்டமாட்டோம் என்று ஒருத்தியும் சொல்லவில்லை.
கணக்கை எழுதித் தா, கட்டுறம் என்றார்கள்.
எழுதித்தர எங்களால் முடியவில்லை.
ஏழாம் மாதம் கிளையைப் பூட்டினார்கள்.
வேலை போய், வீட்டில் படுத்துக்கிடந்து
உங்களைத் திட்டினேன்.
அதை மறைத்து உங்களைப் புகழ எனக்கு விருப்பமில்லை.
திட்டி முடிந்த ஒரு நாள்
ஒரு பேப்பரில் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.
முப்பது வீதம் என்று நான் சொல்லித்திரிந்தது
ஐம்பத்துநான்கில் வந்து நின்றது.
இரண்டு தரம் போட்டேன்.

மேடையில் ஒருவர் உங்களைக் கடல் என்றார்.
மற்றவர் கலங்கரை விளக்கம் என்றார்.
அந்தக் கேள்வியை மட்டும் எவரும் சொல்லவில்லை.
பொன்னாடை தோளில் நிற்காமல் வழுகிக்கொண்டிருக்க
நீங்கள் சுவர் மணிக்கூட்டையே பார்த்தீர்கள்.
மூன்றரைக்குப் பின்னேரப் பால் வந்துவிடும்.

இறங்கிப் போகும்போது
நாற்காலிகளுக்கிடையில் என்னைக் கண்டு நின்றீர்கள்.
"செவ்வாய்க்கிழமையான் எலுவா?"
ஓம் அக்கா என்றேன்.
"இப்ப இந்த வேலையா? நல்லம்."
ஆறு வருசமாகச் சேர்த்துவைத்திருந்தது
தொண்டைக்குள்ளேயே கிடந்தது.
மாலையிலிருந்து உதிர்ந்த பூவைத் தட்டிவிட்டு
சைக்கிளில் ஏறிப் போய்விட்டீர்கள்.

செயலாளர் வாடகைப் புத்தகத்தை நீட்டினார்.
நூற்றைம்பதில் முப்பத்தெட்டு
கட்டு அவிழ்க்காமலே மூலையில் இருந்தது.
நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினேன்.
"ஏன் தம்பி குறைச்சிப்போட்டாய்?"
"ஆரும் இருக்காத கதிரைக்கு
வாடகை என்னத்துக்கு ஐயா?"

பாலத்தின் நடுவில் வரும்போது
முதலாளியின் அழைப்பு.
வண்டியை ஓரம் கட்டினேன்.
கீழே வாவியில் ஒருவன் வலையை உதறிக்கொண்டிருந்தான்.
கணக்கு என்னிடம் இருக்கிறது,
சொல்லிப் பார்ப்போம் என்று
போனை எடுத்தேன்.