தூக்கம் எத்ர

புளியரை எடைமேடையில் எனக்கு ராத்திரி வேலை.
எஸ் வளைவு ஏறப்போகும் லாரிகள்
சாரலில் நனைந்த முகத்தோடு வந்து நிற்கும்.
சேர்ந்த முதல் வாரம்
புனலூர் தங்கச்சன் கண்ணாடியை இறக்கி
"தூக்கம் எத்ரயா?" என்றார்.
பகலெல்லாம் எதிர்வீட்டில் மாவுமில் ஓடுகிறது.
"மூணு மணி நேரம்ணே,
அதுவும் விட்டு விட்டு" என்றேன்.

ஸ்டியரிங்கில் தலைவைத்துச் சிரித்தார்.
எடையைக் கேட்டிருக்கிறார் மனுஷர்.
மலைக்கு அந்தப் பக்கம்
தூக்கம் என்றால் கனம்.

கதை கொல்லம் வரை போய்ச்சேர்ந்து
இப்போது ஒவ்வொரு டிரைவரும்
பதினெட்டு டன் எம்-சாண்டை ஏற்றிக்கொண்டு
என் தூக்கத்தை விசாரிக்கிறார்கள்.
நாலரை என்றால் கைதட்டல்கூட உண்டு.

பக்கத்து டீக்கடை மசூது
மாத நாவல் எழுதுகிறவன்.
பதினோராம் பக்கத்தில் யாரையாவது தூக்கிவிடுவான்.
வெள்ளை வேன், கைக்குட்டை, மயக்க மருந்து,
"பாஸ், ஆளைத் தூக்கியாச்சு."
அந்த வரிக்குப் பிறகு ஆளுக்கு எடையே கிடையாது.
ஒருத்தனே தோளில் போட்டுக்கொண்டு
மூன்று மாடி இறங்குவான், மூச்சு வாங்காது.
என் தூக்கக் கதையையும் தூக்கி
மீசை வைத்த ஓர் இன்ஸ்பெக்டருக்குக் கொடுத்துவிட்டான்.
கேட்டால் "கற்பனைக்கா" என்கிறான்.
அன்றைக்கு டீயில் சர்க்கரை தூக்கல்.
அதுதான் ராயல்டி.

நானும் தூக்கினவள்தான்.
வாலிபாலில் ஆறு வருஷம் லிஃப்டர்.
வருகிற பந்தை விரல்நுனியில் வாங்கி
வலைக்கு மேலே ஒரு முழம், அவ்வளவுதான் என் பாடு.
மாடத்தி ஓடிவந்து அறைவாள்.
எதிர்ப்பக்கம் மண் தெறிக்கும்.
ஊர் அவளைத் தலைமேல் தூக்கி வைத்து ஆடும்.
பேப்பரில் வந்த போட்டோவில்
ஓரத்தில் இரண்டு விரல் தெரியும்.
அது நான்.

வருத்தமில்லை. ஆனால் பாருங்கள்,
தூக்கிக் கொடுப்பவளுக்கு லிஃப்டர் என்று பேர்.
பந்தை ஒரு இமைப்பொழுது கூடுதலாக வைத்திருந்தால்
விசிலோடு வரும் குற்றத்துக்கும் அதே பேர்.
லிஃப்ட்.
எனக்குப் பிடித்துப்போன பந்துகளெல்லாம்
எதிர் அணிக்கே போயின.

ஆரியங்காவு மேட்சில்
மாடத்தியின் முழங்கால் காற்றிலேயே பிசகியது.
விழுந்தவளுக்குப் பேச்சில்லை. ஆட்டோ ரோட்டில்.
நான்தான் தூக்கினேன்.
மயங்கிய உடம்பு நம்மைப் பிடித்துக்கொள்ளாது மசூதே,
முடிந்தால் அதை எழுது.
கை ஒருபுறம் போகும், தலை ஒருபுறம் சரியும்,
வார வார வழியும்.
பத்தடிக்குள் இரண்டு தடவை மண்டியிட்டேன்.
கூட்டத்தில் ஒருவன் "லிஃப்ட்!" என்று கத்தினான்.
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்.
சிரித்ததில் பிடி நழுவப் பார்த்தது.
ஆட்டோவில் கண்விழித்தவள் கேட்டாள்:
"ஏட்டி, பாயிண்டு நமக்குத்தான?"

அடுத்த மாதம் ஆளில்லாத மேடை வருகிறதாம்.
"உன்னைத் தூக்கிருவாங்க போலருக்கே"
என்கிறார் முதலாளி,
வேறு யாரோ தூக்கப்போவதுபோல.

மூன்று மணி. லாரி இல்லாத இருபது நிமிஷம்.
மேடையில் ஏறி நிற்கிறேன்.
சிவப்பு எண் அறுபது காட்டுகிறது.
பத்துக் கிலோவுக்குக் குறைந்த எதுவும்
இதன் கண்ணுக்குத் தெரியாது.
அறை மூலையில் கிடந்த பழைய பந்தை
விரல்நுனியில் மேலே அனுப்புகிறேன்.
அறுபது.
பந்து சாரலுக்குள் போய் நிற்கிறது.
அறுபது.
விரலுக்கு வருகிறது, கொஞ்சம் வைத்திருக்கிறேன்,
இன்னும் கொஞ்சம்.
விசில் இல்லை.
அறுபது.

செங்கோட்டைப் பக்கமிருந்து ஹெட்லைட்.
தங்கச்சன் கண்ணாடியை இறக்குவதற்குள்
நான் முந்திக்கொள்கிறேன்:
"அண்ணனுக்குத் தூக்கம் எத்ர?"

அவர் சிரிக்கவில்லை.
ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து
விரல்விட்டு எண்ணுகிறார்.