கணியம் இல்லாத கடல்

திருவனந்தபுரம், பஹ்ரைன்:
மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்,
நாலேமுக்கால் மணிநேரம்
என்றது முன்சீட்டின் முதுகுத் திரை.

குளச்சலிலிருந்து விமானநிலையத்துக்கே
மூன்று மணிநேரம்.
களியக்காவிளையில் லாரி மறித்து நின்றது.
அதற்குள் பெல்சி இரண்டுமுறை கேட்டாள்,
"பாஸ்போர்ட்டு இருக்கில்லா?"

கோயில் குருசும் மலைமுகடும்
ஒரே நேரில் வந்தால்
அடியில் பாறை, பாறையில் மீன்.
அதுதான் எங்கள் கணியம்.
ஜன்னலில் தேடினேன்.
மேகத்தை வைத்து
எதையும் குறிக்க முடியவில்லை.
சேசடிமை குறட்டை விட்டான்,
வள்ளத்தில் விடுவதுபோலவே.

பத்தேகாலுக்குக் கிளம்பியவன்
பன்னிரண்டரைக்கு இறங்கினேன்,
அந்த ஊர்க் கடிகாரத்தில்.
மிச்ச இரண்டரை மணிநேரம்
எங்கே விழுந்ததென்று தெரியாமல்
போன் போட்டேன்.

"நான் தின்னாச்சு,
சட்டியும் கழுவியாச்சு,
மணி மூணு ஆவுது.
நீங்க?"