மெல்லிசாகச் சீவு

அயோவாவிலிருந்து பதினோரு பேர்.
எல்லாருக்கும் ஒரே ஆரஞ்சுச் சட்டை, நெஞ்சில் புறா.
அவர்கள் வாய்க்கும் எங்கள் காதுக்கும் நடுவே
நாளொன்றுக்கு முந்நூறு ரேண்டுக்கு
நான்.

திங்களன்று பாஸ்டர் கெரிட் சொன்னார்:
கிருபை என்பது
சோளக்காட்டின் மேல் முதல் பனி விழுந்த காலை.
ம்டன்ட்சானேயில் பனியை யார் பார்த்தது?
வெளுத்துக் காய்ந்து மடித்து வைத்த
பள்ளிச் சட்டை மாதிரி என்றேன் கோசாவில்.
பெண்கள் "ஆம்" என்று முனகினார்கள்.
தன் பனிக்குத்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை பின்வரிசையில் ஒருவர் எழுந்து
போகும்போது இந்தச் சட்டைகளை
விட்டுவிட்டுப் போவார்களா என்று கேட்டார்.
உங்கள் வருகைக்கு நன்றி சொல்கிறார் என்றேன்.

புதனன்று ரத்த அழுத்தம் பார்த்தார்கள்.
எங்கே வலிக்கிறது என்றாள் லோரீன்.
மாட்லோமோ என்னைப் பார்த்தாள்:
வலிக்காத இடத்தைக் கேட்கச் சொல்,
சீக்கிரம் முடியும்.
முழங்கால், என்றேன் நான்.
லோரீன் எழுதிக்கொண்டாள். அழகான கையெழுத்து.

வியாழன் மாலை
கூடத்தின் வாசலை அடைத்துக்கொண்டு
தெருவின் குறுக்கே கூடாரம் எழும்பியது.
ம்சுகிசிக்கு.
மினிபஸ் ஓட்டினவர். நாற்பத்தாறு வயது.
நான் கல்லூரிக்குப் போன இரண்டு வருடமும்
கடைசி வண்டியில் கதவோரத்து இருக்கையை
என் பெயர் சொல்லிப் பிடித்து வைத்தவர்.
மாதக் கடைசியில் சில்லறை கேட்கமாட்டார்.
கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார், அவ்வளவுதான்.

கெரிட்டின் கையில் வண்ணத்தில் அச்சடித்த நிரல்:
சனிக்கிழமை, சிறுவர்க்கு முகத்தில் ஓவியம்,
பிறகு கால்பந்து.
அதைக் காட்டி என்னிடம் கேட்டார்.
அடக்கம் என்றேன்.
காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.

வெள்ளி இரவு.
முக்காலிப் பானைகளுக்குக் கீழே விறகு.
கூடாரத்தில் ஆராதனை,
பின்கட்டில் பெண்கள், கத்தி, வாளி, மூட்டை மூட்டையாய்
உருளைக்கிழங்கு, பூசணி, முட்டைக்கோஸ்.
லோரீன் வந்து நின்றாள்,
கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல்.
யாரும் அவளை வரவேற்கவில்லை.
மாட்லோமோ திரும்பிப் பார்க்காமலே
காலால் ஒரு வாளியை அவள் பக்கம் தள்ளினாள்.

பத்து மணி. பன்னிரண்டு. ஒன்றரை.
தண்ணீரில் கிழங்கு விழும் சத்தம்.
என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.
நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டேன்.

பிறகு மாட்லோமோ ஏதோ சொன்னாள்.
எல்லாரும் சிரித்தார்கள்.
லோரீன் என் பக்கம் திரும்பினாள்.
நன்றி சொல்கிறாள் என்று
வாய் வரைக்கும் வந்துவிட்டது.
விழுங்கினேன்.

"தோலோடு பாதிக் கிழங்கைச் சீவித் தள்ளுகிறாய்,
நாளைக்கு எங்கள் விருந்தாளிகள் எதைத் தின்பார்கள்?
மெல்லிசாகச் சீவு."

அந்த வாரத்தில்
சொன்னதைச் சொன்னபடியே நான் சொன்னது அது ஒன்றுதான்.
லோரீன் தன் தோலைத் தூக்கி விளக்கில் பார்த்தாள்.
வெடித்துச் சிரித்தாள், பன்றி உறுமுகிற மாதிரி.
அதற்கு எல்லாரும் இன்னொரு முறை.
விடியும்போது அவள் சீவின தோலில்
கத்தியின் நிழல் தெரிந்தது.

கல்லறையில் மண்வெட்டிகள் கை மாறின.
ஆளுக்கு நாலு வாரு வாரி அடுத்தவரிடம் தரவேண்டும்.
கெரிட்டுக்கு யாரும் சொல்லவில்லை.
ஒன்பது, பத்து என்று வாரிக்கொண்டே இருந்தார்.
ம்சுகிசியின் தம்பி தோளைத் தொட்டதும்
கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார்,
கொப்பளத்தைக் கட்டைவிரலால் தடவியபடி.
ஜெபிக்க அவரைக் கூப்பிடவில்லை.
அவரும் காத்திருந்ததாகத் தெரியவில்லை.

ஞாயிறன்று உறையைக் கையில் தந்தார்கள்.
எண்ணினேன்.
வெள்ளி இரவுக்கும் சனிக்கும் சேர்த்தே கணக்கு.
ஒரு வாக்கியத்துக்கு அறுநூறு ரேண்ட்.
திருப்பிக் கொடுக்கலாமா என்று
வாசல் வரை போனேன்.

கொடுக்கவில்லை.
வீட்டில் மின்சார மீட்டர்
மூன்று நாளாய்ச் சிவப்பில் இருந்தது.